உதிலை போன பலகைக்கார்

அம்பிகைபாகனின் பலகைக்கார் பனிச்சையடியை விட்டுப் போய் எத்தனையோ மாரி பெய்து ஓய்ந்த பிறகு, ஒரு கார்த்திகை மாதத்தில், அது தபாலில் திரும்பி வந்தது. வந்தபோது அதன் நீளம் இரண்டு நெருப்புப்பெட்டிக்கு மேல் இல்லை. கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டிக்குள், கறுப்புப் பீடமொன்றில் ஆணி முறுக்கிப் பூட்டப்பட்டு, அதே கடும்பச்சை நிறத்தில், அதே உருண்டை மூக்கோடும் முழித்த விளக்குகளோடும், பின்பாதி முழுவதும் அதே தேன்நிற மரச்சட்டத்தோடும், இரண்டாகப் பிரிந்து திறக்கும் அதே பின்கதவுகளோடும் இருந்த அந்த மொறிஸ் மைனர் ட்ரவலரை, லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் துஷ்யந்தன், சின்னம்மா பார்த்தால் சந்தோசப்படுவா என்று நினைத்து, பழைய இங்கிலாந்துக் கார்களை அச்சொட்டாகச் சின்னதாய்ச் செய்து விற்கும் இடமொன்றில் தேடிப் பிடித்து வாங்கி அனுப்பியிருந்தான். பெடியன் நல்லவன்தான், ஆனால் சந்தோசம் என்ற சாமானைப் பற்றி அவனுக்கு அவ்வளவு விளக்கம் காணாது.

"பெட்டியைத் திறந்துபோடாதேங்கோ சின்னம்மா," என்றான் போனில். "கொஞ்சக் கார்தான் செய்தவங்கள். திறந்தால் பிறகு மதிப்பில்லை."

"பூட்டி வச்சாத்தான் மதிப்பு எண்டால் அது கார் இல்லையடா தம்பி, நகை," என்றாள் அம்பிகைபாகனின் பெண்சாதி பரிமளகாந்தி. போனை வைத்துவிட்டு, புருசனின் பழைய திருப்புளியைத் தேடி எடுத்து, ஆணியைக் கழற்றிக் காரை விடுவித்து, ஷோகேசில் பீங்கான் வாத்துக்கும் சுவாமி படத்துக்கும் நடுவில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு நெடுநேரம் அழுதாள்.

அந்தப் பெரிய கார் ஓடிய சண்டைக் காலத்தில் ஊருக்குள் பெற்றோல் என்பது காது குத்துகிற தோட்டைப் போல அருமையான சாமானாக இருந்தது. கார்களெல்லாம் மண்ணெண்ணெய் குடித்து ஓடின. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டை மூக்கில் விட்டு உசுப்பி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயைக் காட்டி ஏமாற்றி ஓட்டவேண்டும். ஏமாந்தது தெரிந்து அவை வழிநெடுக இருமிக்கொண்டு போகும். அம்பிகைபாகனின் கார் இருமினால் மூன்று தெரு ஒழுங்கை தள்ளிக் கேட்கும். மாரி காலத்தில் அதன் மரச்சட்டத்தில் காளான் முளைக்கும். "பாகண்ணை, காருக்குச் சவாரியோ, கறிக்குக் காளானோ, எதுக்கு வாறது?" என்று சந்தியில் நிற்பவர்கள் பகிடி விடுவார்கள். பாகன் என்று பெயர் வைத்தவன் யானைக்குப் போகாமல் காருக்குப் போனதே பெரிய பகிடி என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இனி, அந்த ஊர்க்காரரின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. அங்கே வெளிக்கிடுகிற ஒருவரைப் பார்த்து 'எங்கை போறியள்?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் உருப்படாது. தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, பிறகுதான் வெளிக்கிடவேண்டும். ஆனபடியால், 'எங்கை' என்ற சொல்லை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, 'துலைக்கோ?' என்று கேட்பார்கள். தூரமோ என்று அர்த்தம். அதற்கு, 'ஓம், துலைதான்' என்றோ, 'இல்லை, உதிலைதான்' என்றோ பதில் வரும். 'உது' என்பது இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கைக்குள் இல்லாத, ஆனால் கையை நீட்டினால் காட்டக்கூடிய இடம். மற்ற ஊர்களில் எப்போதோ தொலைந்துபோன இந்தச் சொல்லை அவர்கள் இன்னும் கைவிடவில்லை.

கடைசியாகப் போன அன்று காலை பாகன் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினார். பரிமளகாந்தி வாசல் படலைவரை போனாள். பழுதில்லாத பெண்சாதியாக, ஒரு அட்சரம் பிசகாமல், "துலைக்கோ?" என்று கேட்டாள். "இல்லையப்பா, உதிலைதான்," என்றார் அவர். கார் இருமிக்கொண்டு போனது. அன்று பின்னேரம் ஷெல் விழத் தொடங்கி, ஊர் முழுவதும் பாயும் பானையுமாக வெளிக்கிட்டு ஓடியது. அவர் வருவார், நான் படலையில் நிற்கவேண்டும் என்று கத்தியவளை நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நெடுநாள் கழித்து ஊருக்குத் திரும்பியபோது, அவளுடைய வீட்டு வளவுக்குப் பின்னால், வயலுக்கு அப்பால் இருந்த பனந்தோப்பைச் சுற்றி முள்ளுக்கம்பி கிடந்தது. கம்பியில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் தொங்கின. மிதிவெடி என்றார்கள். யார் புதைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பரிமளகாந்திக்கு அந்தத் தோப்பால் ஒரு காரியமும் இல்லை. உடுப்புத் தோய்த்துப் பின்வளவில் காயப்போடும்போது தினமும் எதிரில் தெரியும், அவ்வளவுதான்.

அவள் தேடியதெல்லாம் துலையில். வவுனியாவில் தேடினாள், கொழும்பில் தேடினாள், பெயரை அவளுக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியாத தெற்கத்தி ஊர்களின் மறியல், சிறை வாசல்களில் எல்லாம் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த வாசலிலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்கை போனவர்?" அவளுக்குத் தெரியாது. கட்டிய மனிசன் எங்கே போனான் என்று தெரியாத ஒரு பெண்சாதியா என்று அவர்கள் பார்த்த பார்வைக்கு, எங்கள் ஊரில் அப்படிக் கேட்கக்கூடாது ஐயா என்று அவளால் விளக்கம் சொல்ல முடியவில்லை. நெற்றிப் பொட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு வந்தாள். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் அவள் சுமங்கலி. கலியாண வீடுகளில் அவளை முன்னுக்குக் கூப்பிடுவதா, பின்னுக்கு இருத்துவதா என்று தெரியாமல் மனிசர் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கலியாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

ஷோகேசுக்கு வந்த சின்னக் காரில் முதலில் முளைத்தது காளான். மரச்சட்டம் மாதிரித் தெரிந்ததே தவிர, அது மரமில்லை, சாயம் பூசிய ஏதோ ஒன்று. இருந்தாலும், அடைமழை பெய்த ஒரு காலையில், வலப்பக்கச் சட்டத்தில் கடுகு அளவில் குடை விரித்து இரண்டு காளான் நின்றன. பரிமளகாந்தி அதைப் பார்த்து, "உங்களுக்கு இந்த மாரியிலும் இதே வேலைதான்," என்று சொல்லி நகத்தால் கிள்ளிப் போட்டாள். அடுத்து வீட்டுக்குள் மண்ணெண்ணெய் மணத்தது. பிறகு, சில்லுகளில் செம்மண். ஈரத்துணியால் துடைத்தபோது, முன்னால் இருந்த இங்கிலாந்து இலக்கத் தகட்டில் சேறு கழன்று, அடியில் பாகனின் காருடைய இலக்கம் தெரிந்தது. அவள் குசினிக்குப் போய், காதுக்கு மருந்து விடும் குழாயைக் கழுவி எடுத்து, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் கொஞ்சம் பெற்றோல் கேட்டு வாங்கி, ஊசிமுனைக்கு ஒரு சொட்டு மூக்கில் விட்டு, மண்ணெண்ணெய் ஒரு சொட்டுத் தாங்கியில் விட்டு, காரை நிலத்தில் இறக்கினாள். அது இருமியது. அந்த இருமலை அவள் எந்தச் சனத்துக்குள்ளும் இனம் கண்டிருப்பாள். இருமிவிட்டு, விறாந்தைப் படியில் சாய்த்து வைத்திருந்த பலகையால் இறங்கி, முற்றத்து மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, படலைக்குக் கீழால் ஒழுங்கைக்குப் போனது.

அது சந்திக்குத்தான் போனது. முன்னர் பாகன் வாடகைச் சவாரிக்குக் காத்துநிற்கும் வேப்பமரத்துக்குக் கீழே, அதே இடத்தில், மூக்கைத் தெருப்பக்கம் வைத்து நின்றது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளிக்கிட்டுப் பின்னேரமாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உடம்பு சின்னனானால் வேகமும் அந்த அளவில்தானே இருக்கும். ஒரு ஆளின் நடைக்கு எவ்வளவோ பின்னால்தான் அதன் ஓட்டம்.

பனிச்சையடி இதற்கெல்லாம் அசந்துபோகிற ஊர் இல்லை. வானத்தில் இருந்து நெருப்பு விழுந்ததைப் பார்த்த ஊர், காலுக்கு அடியில் ஒரு கார் ஓடுவதையா பெரிசாக எடுக்கும்? முதல் கிழமை பார்த்தார்கள். இரண்டாம் கிழமை பழகிவிட்டார்கள். பிறகு குறை சொல்லத் தொடங்கினார்கள். வேகத்தடையில் ஏறமாட்டாமல் கார் திணறுகிறது என்று இளைஞர் கழகத்தார் தடையின் ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள். மினிபஸ் கொண்டக்டர் வரதன், "பாகண்ணை குறுக்கை போறார், பிறேக்கைப் பிடி!" என்று கத்தி பஸ்சை மறிப்பான், உள்ளே இருப்பவர்கள் விசிறிக்கொண்டு பொறுத்திருப்பார்கள். வாகனமென்றால் பூசை போடாமல் ஓடக்கூடாது என்று பிள்ளையார் கோவில் ஐயர் ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் சில்லுக்குக் கீழே வைக்க எடுத்த தேசிக்காய் காரைவிட உயரமாக இருந்தது. கடைசியில் பொறுக்கியெடுத்த ஒரு சின்னச் சுண்டங்காயை வைத்தார்கள், அதுவும் நசிய மறுத்தது, ஐயர் பெருவிரலால் கொஞ்சம் உதவி செய்தார். வாகன வரிப்பத்திரம் கேட்டு வந்த பொலிஸ்காரர் குந்தியிருந்து காரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உதை எந்தச் சட்டத்திலை பிடிக்கிறது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு போனார். கோழிகளுக்கு மட்டும்தான் கடைசிவரை சமாதானம் வரவில்லை.

வழியில் கண்டவர்கள் எல்லோரும் குனிந்து, "துலைக்கோ பாகண்ணை?" என்று கேட்டார்கள். கார் ஹோர்ன் அடித்தது. காதுக்குள் ரீங்கரிக்கும் நுளம்பின் குரலைவிடக் கொஞ்சம் தடித்த சத்தம். இல்லை, உதிலைதான் என்று எல்லோரும் அதற்கு அர்த்தம் எடுத்தார்கள்.

பரிமளகாந்தி அந்த நாட்களில் பழைய மனுசி ஆனாள். மத்தியானம் இரண்டு பேருக்குச் சமைத்தாள். பின்னேரங்களில் காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாள் முழுக்க நடந்ததைக் கதைத்தாள். முல்லைப்பூ ஒன்றை உள்ளே வைக்கப் பார்த்தாள். பூ பெரிதாக இருந்ததால் இதழைக் கிள்ளி வைத்தாள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் ஓட்டுகிற இருக்கையில் யாரும் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிடவில்லை.

மரியபுஷ்பம் கரையூர்ப் பக்கத்தில் இருந்து வந்தாள். கிழிந்த வலை பொத்தித் தழும்பேறிய விரல்களும், கழுத்தில் கறுத்த செபமாலையுமாக, பரிமளகாந்தியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவளுடைய ஒரே மகன் ஜெயசீலனும் அதே நாள் காலையில்தான் வெளிக்கிட்டவன். அவளும் துலைக்கோ என்று கேட்டு, உதிலைதான் அம்மா என்ற பதிலை வாங்கிக்கொண்டு நின்றவள். சந்தியில் பலகைக்காரில் ஏறினான் என்று மட்டும் யாரோ பார்த்துச் சொன்னார்கள். காரைப் பற்றிக் கேள்விப்பட்டு அவள் வேப்பமரத்தடிக்கு வந்து, குந்தி, மகனுடைய சட்டையில் இருந்து வெட்டியெடுத்த ஒரு வெள்ளைப் பொத்தானைச் சீலைத் தலைப்பில் இருந்து அவிழ்த்து, காரின் பின்கதவைத் திறந்து உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். அதுதான் அன்று அவர்கள் போன சவாரியை அதற்கு ஞாபகப்படுத்தியது போலும். கார் இருமி எழும்பியது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சந்தியைக் கடந்து, வாசிகசாலையைக் கடந்து, பாகன் குறுக்குப் பாதை என்று எப்போதும் எடுக்கும் கிழக்கு ஒழுங்கைக்குள் திரும்பியது.

கார் வீட்டுக்கு வந்துசேரப் பின்னேரமாகும் என்று தானே சந்திக்குச் சாப்பாடு கொண்டுவந்த பரிமளகாந்தி அதைக் கண்டாள். அந்தத் திருப்பத்தில் வண்டி போகிற சாயலைப் பார்த்ததும், இது தினப்படி ஓட்டம் இல்லை, இது அந்த ஓட்டம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. சாப்பாட்டுக் கரியரைப் போட்டுவிட்டு ஓடினாள். இவ்வளவு காலமும் நாக்குக்கு அடியில் கிடந்த சொல், அவளைக் கேட்காமலே வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?"

வாசிகசாலையில் பேப்பர் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள். வரதன் பஸ் படியில் நின்று நாக்கைக் கடித்தான். அவ்வளவு பெரிய பிழையை நடுத்தெருவில் யாரும் அதுவரை விட்டதில்லை. கார் நின்றது. கொஞ்ச நேரம் இருமிக்கொண்டு யோசித்தது. பிறகு, முறை தெரிந்த மனிசன் செய்கிறபடி, ஒழுங்கைக்குள் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பி, வந்த வழியே வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்றது. பரிமளகாந்தி செம்பில் தண்ணீர் எடுத்து, விரலைத் தோய்த்து, அதன் மூக்கில் ஒரு சொட்டு விட்டாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஒரே ஒரு சொல். அன்றைக்குப் படலையில் நின்று அவள் அந்தப் பிழையை விட்டிருந்தால், அவர் சலித்துக்கொண்டு திரும்பி வந்திருப்பார், கதிரையில் இருந்திருப்பார், தண்ணீர் குடித்திருப்பார், ஆறிப்போன மிச்சத் தேத்தண்ணியையும் குடித்திருப்பார், அந்தத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் என்னவெல்லாமோ நடக்காமல் போயிருக்கும். நல்லது நடக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கதைத்த வாயை அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கார் கிழக்கு ஒழுங்கைக்கே போனது. ஒவ்வொரு காலையும் அவள் முந்திப் போய் அந்தத் திருப்பத்தில் நின்று, "எங்கை போறியள்?" என்று கேட்டாள். ஒவ்வொரு காலையும் அது திரும்பி வந்தது. ஊரில் முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு பேசாமல் விட்டார்கள். நித்தமும் புருசன் திரும்பி வருகிற வீட்டில் யார் போய் என்ன சொல்வது? அவள் பொட்டை முன்னைவிடப் பெரிதாக வைத்தாள். துஷ்யந்தனிடம் போனில், "சித்தப்பா சுகமாய் இருக்கிறார்," என்றாள். அவன் அங்கே பனி கொட்டுகிறது என்றான்.

ஒருநாள் பின்னேரம் மரியபுஷ்பம் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கதிரை போட்டும் இருக்கவில்லை. முற்றத்தில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டு மாமரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"தங்கச்சி, உம்மடை மனிசன் ஒவ்வொரு நாளும் வீட்டை வாறார் என்ன?"

"ஓம்."

"என்ரை பிள்ளையும் அதுக்குள்ளைதான் இருக்கிறான். அவன்ரை வீடு இது இல்லை."

பரிமளகாந்தி காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீர் ஒவ்வொரு நாளும் மறிச்சுக் கூட்டிக்கொண்டு வாறீர். அவனை ஆர் இறக்கி விடுறது? கார்த்திகையிலை செத்தவையின்ரை திருநாளுக்கு எல்லாரும் சேமக்காலைக்குப் போய் அவரவற்றை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்துவினம். எனக்குக் கல்லறை இல்லை. நான் ஒரு வருசம் ஒராளின்ரையிலை, மற்ற வருசம் இன்னொராளின்ரையிலை எண்டு கடன் வாங்கிக் கொளுத்திறன். போன வருசம் ஒரு பெடிச்சி வந்து, 'ஆன்ரி, உது எங்கடை அம்மம்மாவின்ரை' எண்டு ஊதி நூத்துப்போட்டாள். அவளிலை பிழையில்லை."

"அக்கா, அது போய் நிண்ட இடத்திலை ஒண்டும் இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லை எண்டு தெரியும்தானே."

"இருந்தால் நான் இதை அழிக்கவேணும்." பரிமளகாந்தி நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு குரல் உயர்ந்தது. "உங்களுக்கென்ன, பிள்ளை செத்தாலும் நீங்கள் தாய்தான். நான் ஆர்? சொல்லுங்கோ, நான் ஆர்? வீட்டை விட்டுப் போங்கோ. என்ரை மனிசனைத் திருப்பித் திருப்பிச் சாகக் குடுக்கச் சொல்லி என்னட்டையே வந்து கேக்கிறியளோ?"

மரியபுஷ்பம் கோபிக்கவில்லை. குனிந்து, காரின் பின்கண்ணாடிக்குள் பொத்தான் கிடக்கிறதா என்று பார்த்தாள். கிடந்தது. "குளிர் பிடிக்கும், உள்ளுக்குள்ளை எடுத்து வையும்," என்று சொல்லிவிட்டு, படலையைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலை பரிமளகாந்தி முழுகி, பெட்டிக்குள் கிடந்த அரக்குச் சேலையை உடுத்து, குழாயால் மண்ணெண்ணெய் தாங்கி நிறைய விட்டாள். தேத்தண்ணி ஊற்றி, பாதியைக் குடித்து, மிச்சத்தைக் காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு படலையை நன்றாகத் திறந்துவிட்டாள். கார் இருமிக்கொண்டு அவளிடம் வந்து, காலடியில் ஒரு கணம் தாமதித்தது. அவள் அதைப் பார்த்துக் கேட்டாள். எந்தப் பெண்சாதியும் கேட்கிற மாதிரி, ஒரு அட்சரம் பிசகாமல் கேட்டாள்.

"துலைக்கோ?"

கார் ஹோர்ன் அடித்தது.

வேப்பமரத்தடியில் மரியபுஷ்பம் நின்றாள். இரண்டு பேரும் காருக்குப் பின்னால் நடந்தார்கள். கிழக்கு ஒழுங்கைத் திருப்பத்தில் பரிமளகாந்தி வழமையாக நிற்கும் இடத்தைக் கண்டு கார் தானாகவே வேகம் குறைத்தது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது போனது. அதைக் கண்டதும் வாசிகசாலைக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள், கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார், ஐயர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார், கரையூரில் இருந்தும் சனம் வந்தது, ஆளைத் தொலைத்த வீடுகளில் இருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள், ஊர்வலமா செத்தவீடா என்று தெரியாத ஒரு பெருங்கூட்டம், ஒரு ஆளின் நடைக்கும் மெதுவான நடையில், காலுக்குள் ஒரு பச்சைக் காரை விட்டு, அதை மிதித்துவிடாமல் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனது. வெயில் ஏறியபோது யாரோ காருக்குக் குடை பிடித்தார்கள். ஆட்டுப்புழுக்கைகளை வழியில் இருந்து ஒதுக்கினார்கள். கள்ளிவேலிக்குப் பக்கத்தில் அது இளைத்து நின்றபோது, பரிமளகாந்தி இடுப்பில் செருகியிருந்த குழாயை எடுத்து இன்னொரு சொட்டு விட்டாள். ஒழுங்கை வடக்கே வளைந்து, குளத்தைச் சுற்றி, பாழடைந்த செக்கடியைக் கடந்து, மறுபடி தெற்கே வளைந்தது. சுற்றிச் சுற்றிப் பொழுதுபடுகிற நேரத்தில் பார்த்தால், எதிரே முள்ளுக்கம்பியும் மண்டையோட்டுப் பலகையும் நின்றன.

காருக்குக் கம்பி ஒரு தடையே இல்லை. அடியால் போனது. மிதிவெடிக்கு ஒரு தவளையின் பாரம்கூட இல்லாத அதை என்ன செய்யத் தெரியும்? சனம் கம்பியோடு நின்றது. பரிமளகாந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல் தொண்டைக்கு வந்தது. பாதி வாய்வரை வந்தது. சொன்னால் அது இப்போதும் திரும்பி வரும், அவளுக்குத் தெரியும், முறை தெரிந்த மனிசன், திரும்பி வந்து முற்றத்தில் நின்று தண்ணீர் கேட்பார். பக்கத்தில் மரியபுஷ்பம் அவளைப் பார்க்கவில்லை, பிடிக்கவில்லை. செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு புல்லையே பார்த்தாள். பரிமளகாந்தி அந்தச் சொல்லை விழுங்கினாள். அது முள்ளுப் போல இறங்கியது.

இருட்டுப்பட்டதும் கார் விளக்கைப் போட்டது. எள்ளு அளவில் இரண்டு வெளிச்சம் புல்லுக்குள்ளால், வடலிப் பனைகளுக்கு நடுவால் போய், தலை இல்லாத ஒரு மொட்டைப் பனைக்குக் கீழே நின்றது. இருமல் நின்றது. விளக்கு நூர்ந்தது. அந்த அமைதியில் இரண்டு கதவு, ஒன்றன்பின் ஒன்றாக, டொக், டொக் என்று திறந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது சின்னக் காரின் கதவுச் சத்தமில்லை. பெரிய காரின் மரக்கதவுகள் திறந்த சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

மரியபுஷ்பம் மடியில் இருந்து மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தி, கம்பிக்குக் கீழே, கை எட்டுகிற அளவுக்கு உள்ளே வைத்தாள். அணைக்கச் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் அது எரிந்தது. "மோனை," என்றாள்.

மெழுகுதிரி வெளிச்சத்துக்கு அப்பால், மொட்டைப் பனைக்கு அந்தப் பக்கத்தில், வயலைத் தாண்டி ஒரு வீட்டின் பின்வளவு மங்கலாகத் தெரிந்தது. கொடியில் ஒரு வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. காலையில் முழுகி மாற்றிவிட்டுத் தான் போட்ட சேலை என்று பரிமளகாந்திக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் எடுத்தது. அவளுடைய கோழிகள் அடைய மறுத்துச் சத்தம் போடுவதுகூடக் கேட்டது. ஒரு கூப்பிடு தூரம். வவுனியாவுக்கும் கொழும்புக்கும் தெற்குக்கும் அவள் அலைந்த காலமெல்லாம், ஒவ்வொரு நாளும் அவள் உடுப்புக் காயப்போட்டதைப் பார்த்துக்கொண்டு, அவள் பின்வளவில் நின்று சும்மா ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரத்தில், அவர் இருந்திருக்கிறார். அவர் அவளிடம் பொய் சொல்லவில்லை.

அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். நெற்றியையும் சேர்த்துத் துடைத்தாள்.

கடைசி பஸ்சை விட்டுவிட்டு அப்போதுதான் ஓடி வந்த வரதன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூச்சு வாங்க நின்றான். அவசரத்தில் அவனுக்கும் முறை மறந்துபோனது.

"அக்கா, எங்கை? பாகண்ணை எங்கை?"

பரிமளகாந்தி கம்பிக்கு மேலால் கையை நீட்டிக் காட்டினாள்.

"உதிலைதான்," என்றாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. இறக்கச் சொல்லி ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.